வெயில் ஊர் மேல் காதல் வருவது ஏன்? தர்மபுரியில் தோட்டம் போட்ட தாமஸ் மன்றோவின் கதை

ஒரு வாரம் வெளிநாட்டு டூர் போய்விட்டு வந்த நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். பாலி, தாய்லாந்து, இலங்கை, போர்ச்சுகல் என்று எந்த ஊராகவும் இருக்கட்டும். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் ஸ்டேட்டஸ் வந்துவிடும்: "உடம்பு இங்க, மனசு அங்க." அடுத்த ஒரு மாசத்துக்கு டீக்கடையில் டீ குடித்தாலும் அந்த ஊர் காபியைப் பற்றித்தான் பேச்சு. அங்கேயே போய் செட்டில் ஆகிவிடலாமா என்று நைட்டு ரெண்டு மணிக்கு விசா விதிமுறைகளைத் தேடிக்கொண்டிருப்பார்.

இது இன்ஸ்டாகிராம் வந்ததற்கு அப்புறம் பிடித்த நோய் என்று நினைத்தால், தர்மபுரி பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்க்கணும். 230 வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே இந்தக் கதை நடந்திருக்கு. கதாநாயகன் ஸ்காட்லாந்துக்காரர். காதலி, நாம் 'வறண்ட மாவட்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் தர்மபுரி.

வீட்டுக்குப் பணம் அனுப்பிய பையன்

தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது, வியாபாரம் படுத்தது. குடும்பம் நொடித்துப்போன நிலையில் பையன் கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்து 1780 ஜனவரியில் மெட்ராஸில் வந்து இறங்கினார். அப்போது வயது 18. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். திரும்ப ஊருக்குப் போனது 27 வருஷம் கழித்துத்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதியை விளக்கவே தேவையில்லை.

அவர் டூரிஸ்ட்டாக வரவில்லை, சிப்பாயாக வந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் காதலித்த மண், ரத்தம் சிந்திப் பிடித்த மண்.

பென்னாகரத்தில் என்ன நடந்தது?

இன்றைக்கு பென்னாகரம் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒகேனக்கல் போகும் வழியில் பஸ் நிற்கிற ஊர். டீ, பஜ்ஜி, மறுபடி பஸ். 1791-ல் அங்கே ஒரு மண்கோட்டை இருந்தது. மூன்றாம் மைசூர் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி திப்பு சுல்தானின் நாட்டைச் சேர்ந்தது. கம்பெனி ராணுவத்துக்குப் போகும் தானியமும் மாடுகளும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். திப்புவின் ஆட்கள் அதை மறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையிலான படை பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர்கள் எழுதிய போர் வரலாறுகளில் 'பெனாக்ரா' என்ற பெயரில் சில வரிகளோடு இந்தச் சம்பவம் முடிந்துபோகிறது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. பாராமகால், சேலம், திண்டுக்கல் எல்லாம் கம்பெனி கைக்கு வந்தன. புதிதாகப் பிடித்த நாட்டில் வரி வசூலிக்க யாரை அனுப்புவது? மெட்ராஸில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழியும் தெரியாது, நிலவரி விவகாரமும் தெரியாது என்பது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் எண்ணம். அதனால் ராணுவ அதிகாரியான அலெக்சாண்டர் ரீடு என்பவரை நியமித்தார். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் மன்றோ. தர்மபுரியைச் சுற்றிய பகுதி அவர் பொறுப்புக்கு வந்தது. 1792-லிருந்து 1799 வரை ஏழு வருஷம்.

காதல் எப்போது வந்தது?

பார்த்தவுடனே வந்த மாதிரித் தெரியவில்லை. வேலை அப்படி. ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கணும். ஒவ்வொரு வயலாக அளக்கணும். இது நஞ்சையா, புஞ்சையா, கிணறு இருக்கா, ஏரிப் பாசனமா, மண் செம்மண்ணா கரிசலா என்று விசாரிக்கணும். எதிரில் உட்கார்ந்திருப்பவரோ வரியைக் குறைக்க முடிந்தவரை பேரம் பேசும் விவசாயி. நம்ம ஊர் விவசாயியோடு பேரம் பேசியவர்களுக்கு அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று தெரியும்.

தர்மபுரியில் அவர் ஒரு தோட்டம் போட்டார். ஊரில் இருக்கும் நாட்களில் அந்தத் தோட்டத்தில் கொஞ்ச நேரமாவது கழிக்காமல் இருக்க மாட்டார். 1799-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொல்லப்பட்ட பிறகு கம்பெனி அவரை மேற்குக் கடற்கரையில் இருந்த கனராவுக்கு மாற்றியது. அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தோட்டத்தை விட்டுப் போவது பழைய நண்பர்களைப் பிரிவதைப் போல வலிக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதினார். ஒரு வரி வசூல் அதிகாரி எழுதியது இது.

கனரா என்பது இன்றைய மங்களூரு, உடுப்பி, கார்வார் பக்கம். பச்சைப் பசேல் என்ற ஊர். கடல், மலை, அருவி, தென்னந்தோப்பு எல்லாம் உண்டு. இன்றைக்கு எந்த டிராவல் வ்லாகரைக் கேட்டாலும் தர்மபுரியா மங்களூருவா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். மன்றோவுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை! வருஷத்தில் நாலைந்து மாதம் விடாமல் பெய்யும் மழை அவரை வாட்டியது. வேலைப் பளுவும் அதிகம், அந்த ஊர் நிலவுடைமையாளர்களோடு மோதலும் இருந்தது. மழை மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் கடிதங்களில் மழைப் புலம்பல் நிறைய. கேட்டு வாங்கிக்கொண்டு 1800-ல் அவர் போன இடம் கடப்பா, பெல்லாரி, அனந்தப்பூர் பக்கம். மறுபடியும் காய்ந்த நிலம், பாறைக் குன்று, வெயில்!

மழை ஊரிலிருந்து வந்த மனுஷன் மழை ஊரைப் பார்த்து ஓடினார். இதைக் கொஞ்சம் அறிவியலாகவும் பார்க்கலாம்.

வெயிலுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

கிளாஸ்கோ இருப்பது சுமார் 56 டிகிரி வடக்கு அட்சரேகையில். டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே சூரியன் காலை எட்டே முக்கால் வாக்கில் எழும்பி, மதியம் நாலு மணி ஆவதற்குள் மறைந்துவிடும். மொத்தப் பகல் சுமார் ஏழு மணி நேரம். அதிலும் பாதி நாள் மேகம். தர்மபுரி 12 டிகிரியில் இருக்கிறது. இங்கே வருஷத்தின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல்.

கண்ணுக்குள் விழும் வெளிச்சம் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. எப்போது தூங்கணும், எப்போது விழிக்கணும் என்று உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைச் சரிசெய்வதும் அதே வெளிச்சம்தான். குளிர்காலத்தில் மட்டும் வந்து, வசந்தத்தில் தானாக விலகும் ஒரு வகை மனச்சோர்வு இருக்கிறது என்று 1984-ல் நார்மன் ரோசென்தாலும் அவரது குழுவும் விளக்கினார்கள். காலையில் பளிச்சென்ற விளக்கு முன்னால் உட்கார வைப்பது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று.

நமக்கு இதில் என்ன இருக்கு என்று கேட்கலாம். நம்ம ஊரில் இல்லாத வெயிலா? இருக்கு. ஆனால் ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒருவர் அதில் எத்தனை நிமிஷம் நிற்கிறார்? ஆபீஸ் விளக்கின் வெளிச்சம் சாதாரணமாக 300 முதல் 500 லக்ஸ். நல்ல வெயில் நாளில் வெளியே நின்றால் 50,000 லக்ஸைத் தாண்டும். டூரில் இருக்கும் ஏழு நாளும் காலை எட்டு மணிக்கே வெளியே கிளம்பிவிடுகிறோம். நடக்கிறோம், கடலில் குளிக்கிறோம், ஒன்பது மணிக்கே தூக்கம் வருகிறது. அந்த ஊர் நமக்குச் செய்ததாக நாம் நினைப்பதில் பாதி, வெளியே நடந்ததால் உடம்புக்குக் கிடைத்த பலன். இதே நண்பர் வண்டலூரில் ஏழு நாள் காலையில் நடந்திருந்தால் வண்டலூரையும் கொஞ்சம் காதலித்திருப்பார் என்பது என் சந்தேகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'சன்னி' என்ற ஆங்கில வார்த்தை வெள்ளைக்காரர்களுக்குச் சந்தோஷம். தமிழில் 'வெயில்' அப்படி இல்லை. வெயில் கொளுத்துது, வெயில் மண்டையைப் பிளக்குது, வெயில்ல வேலை பார்த்து வளர்த்தேன் என்றெல்லாம்தான் சொல்கிறோம். வெயிலைத் தேடி நாம் டூர் போவதில்லை. ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் போவதே வெயிலிலிருந்து தப்பிக்கத்தான். அப்படிப்பட்ட நாம் பாலி வெயிலில் மட்டும் மயங்குகிறோம் என்றால், அது வேலை இல்லாத வெயில். பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லாத வெயில்.

கலிஃபோர்னியா மாயை

இதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. டேவிட் ஷ்கேடு, டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்டது. (கானமன் பிறகு 2002-ல் பொருளாதார நோபல் வாங்கினார்.) வெயிலும் கடலுமாக இருக்கும் கலிஃபோர்னியாவிலும், குளிர் வாட்டும் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் கேள்வி கேட்டார்கள். உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? உங்களைப் போன்ற ஒருவர் அந்த இன்னொரு ஊரில் இருந்தால் அவருக்கு எவ்வளவு திருப்தி இருக்கும்?

இரண்டாவது கேள்விக்கு இரண்டு பக்கத்தினரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: கலிஃபோர்னியாக்காரர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள். முதல் கேள்விக்கு வந்த பதில்களிலோ, இரண்டு ஊர்க்காரர்களின் திருப்திக்கும் நடுவில் வித்தியாசமே இல்லை. ஒரு ஊரை இன்னொன்றோடு ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தை (வெயில், கடல்) மட்டும் பெரிதாக்கிவிடுகிறோம். அங்கேயும் வாடகை இருக்கும், மேனேஜர் இருப்பார், பல் வலி வரும் என்பதெல்லாம் கணக்கில் வருவதில்லை.

மன்றோ விஷயத்தில் இந்த விளக்கம் முழுசாகப் பொருந்தவில்லை என்பதுதான் அவரை சுவாரசியமாக்குகிறது. ஏழு வருஷம் ஒரு ஊரில் இருந்தால் மாயை தெளிந்துவிடும். அவர் பார்க்காத தர்மபுரி வெயில் இல்லை. சித்திரை வெயிலில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். தெளிந்த பிறகும் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

வரி போட்டவர் காதலிக்கலாமா?

காதலை அவர் கடிதத்தில் பார்க்கலாம். மக்கள் அதைப் பார்த்தது வரிச் சீட்டில். எனவே அந்தப் பக்கத்தையும் பார்ப்போம்.

வங்காளத்தில் 1793-ல் ஜமீன்தார்களிடம் நிரந்தரமாக வரிப் பொறுப்பைக் கொடுத்தது கம்பெனி. ரீடும் மன்றோவும் பாராமகாலில் செய்து பார்த்தது வேறு: இடையில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிற ரயத்திடமே அரசு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். இதுதான் பள்ளிப் பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த ரயத்துவாரி முறை. இன்றைக்கு பட்டாவும் சிட்டாவும் ஜமீன்தார் பெயரில் இல்லாமல் தனித்தனி நில உரிமையாளர் பெயரில் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. 'எங்க தாத்தா பேர்ல பட்டா' என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், அந்தப் பேச்சில் மன்றோவும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

அதற்காக அவரை விவசாயிகளின் காவலர் ஆக்கிவிட முடியாது. வரி கடுமையாகவே இருந்தது. கம்பெனிக்குப் பணம் வேண்டும், போர்களுக்குப் பணம் வேண்டும். அவரே பின்னால் கடப்பா, பெல்லாரி பகுதியில் தான் போட்ட வரியை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1807-ல் பரிந்துரை செய்தார். மேலிடம் அப்போது கேட்கவில்லை. தர்மபுரிப் பக்கத்திலோ, அவரும் ரீடும் போன பிறகு நிலைமை தலைகீழானது. 1802-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் நிரந்தர வரி முறை வர, சேலம் மாவட்டம் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போனது. 'மிட்டாதார்' என்ற வார்த்தை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் ஏன் வருகிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில். மன்றோ 1820-ல் மெட்ராஸ் கவர்னர் ஆனபோதுதான் ரயத்துவாரி மாகாணத்தின் பொதுவான முறையாக நிலைபெற்றது.

1824 டிசம்பர் 31 தேதியிட்ட அவரது குறிப்பு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. இந்தியர்களை உயர் பதவிகளிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்துகிறது, அவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தயாரானதும் பிரிட்டன் விலகிக்கொள்வதே நல்லது என்பது அதன் சாரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சு. ஆனால் 'தயார்' என்று முடிவு செய்யப்போவது யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. காதல் உண்மையாக இருக்கலாம். வீட்டின் சாவி மட்டும் அவர் பாக்கெட்டில்.

நம்முடைய டூர் காதலிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. நம்ம சம்பளம் அங்கே எங்கே பெரிதாகத் தெரிகிறதோ, அந்த ஊர் மக்கள் 'அன்பானவர்கள்' ஆகிவிடுகிறார்கள். 2022-ல் இலங்கையில் பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த நெருக்கடியில் ரூபாய் மதிப்பு சரிந்ததுதான், பிறகு போன நமக்கு 'எல்லாம் சீப்' என்று தெரிந்தது.

பென்னாகரத்துக்காரர்களின் வெயில்

ஒகேனக்கல்லுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பார்ப்பது அருவி, எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல். 'ரோஜா' படத்தின் சின்னச் சின்ன ஆசை பாட்டில் வரும் அந்தத் தண்ணீர். அதே தண்ணீருக்கு சில கிலோமீட்டர் தள்ளி, பென்னாகரம் வட்டத்துக் கிராமங்களில், ஃப்ளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. எலும்பு வளைந்தவர்களும் உண்டு.

இதிலும் வெயிலுக்குப் பங்கு இருக்கிறது. இந்தப் பகுதியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலிருந்து ஃப்ளோரைடு மெதுவாக நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைவு, ஆவியாதல் அதிகம் என்றால் தண்ணீர் புதுப்பிக்கப்படாமல் ஃப்ளோரைடின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். போர்வெல் ஆழமாகப் போகப் போகப் பிரச்சனை கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் போனது. பக்கத்திலேயே ஆறு ஓடுகிற ஊர் அது.

மானாவாரியில் கேழ்வரகும் நிலக்கடலையும் போடும் குடும்பத்துக்கு ஒரு மழை தவறினால் அந்த வருஷம் போச்சு. அதனால்தான் தர்மபுரியிலிருந்து பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் கிளம்பும் பஸ்கள் நிரம்பியே போகின்றன. மன்றோவுக்கு சம்பளம் கொடுத்த வெயில், இவர்களை ஊரை விட்டு அனுப்புகிறது. ஆனால் தீபாவளிக்கும் ஆடிப் பெருக்குக்கும் அவர்கள் திரும்பி வருகிறார்கள். களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது மனசில்லாமல்தான் போகிறார்கள். அதற்கு யாரும் டிராவல் ரீல்ஸ் போடுவதில்லை.

கடைசியாக ஒரு தடவை

கவர்னராக இருந்த காலத்தில் மன்றோ ஊருக்குத் திரும்ப விரும்பினார். பர்மாப் போர் அவரை நிறுத்தி வைத்தது. 1826-ல் உடம்பு சரியில்லாத குழந்தையோடு மனைவி ஜேன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். பதவியை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியது. நேராகக் கப்பலைப் பிடித்திருக்கலாம். அவரோ, பழைய ஊர்களைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடப்பா, பெல்லாரி பக்கம் கிளம்பினார். அந்தப் பயணத்தில் காலரா தாக்கியது. 1827 ஜூலை 6-ம் தேதி, இன்றைய கர்னூல் மாவட்டத்தின் பத்திகொண்டாவில் இறந்துபோனார். குத்தியில் புதைக்கப்பட்டு, பிறகு சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குக் கொண்டுவரப்பட்டார். ராயலசீமாவில் ஆண் குழந்தைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைக்கும் பழக்கம் இருந்தது. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் இவர்தான்; தினமும் அந்த சிக்னலில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது.

சரி, உங்களுக்கும் ஒரு வெளிநாட்டு ஊர் மேல் அப்படி ஒரு மயக்கம் வந்து, அங்கேயே போய்விடலாமா என்று யோசித்தால் என்ன செய்வது? ஒரே ஒரு யோசனை. அடுத்த தடவை ஆஃப் சீசனில் போங்க. மழைக்காலத்தில், ஹோட்டல் இல்லாமல் வாடகை அறையில், லேப்டாப்போடு, மூணு வாரம். காய்கறி வாங்குங்க, ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வரிசையில் நில்லுங்க. அப்புறமும் மனசு அங்கேயே இருந்தால் விசா விதிமுறையைப் படிக்கலாம்.

வெளிநாடு வேண்டாம், ஒகேனக்கல் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டு வரத்து ஏறும்போதுதான் அருவி பார்க்க அவ்வளவு அழகு. அதே நாட்களில் பாதுகாப்புக்காகப் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். வெளியூர்க்காரர்கள் பாலத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். பரிசல் ஓட்டுபவர்கள் கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இன்றைக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.